மூளையை அளந்த கதை

இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் குழு கேட்டபோது, "ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பதினாலு வந்திருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. ஒன்றரை வருஷமாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுத இடம் கிடைத்தது. சரித்திரக் கட்டுரைதான், ஆனால் ராஜாக்கள் கிடையாது. டாக்டர்களும் சில இன்ஜினீயர்களும் வருவார்கள். ஆரம்பம் மட்டும் நம்ம கல்லூரியிலிருந்து.

எங்கள் பேட்ச்சில் ஒரு நண்பன். "பேரைப் போடாதே, மத்ததை எழுதிக்கோ" என்று அவனே சொல்லியிருக்கிறான். 29 வயதில் அவனுக்கு ஒரு கண் திடீரென்று மங்கி, சில வாரங்களில் தானாகவே தெளிந்தது. அடுத்த வருஷம் இடது கால் மரத்துப்போனது. அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொன்னார்கள். சுருக்கமாக எம்.எஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன்.

"டேய், ரிப்போர்ட்ல புதுசா ஒரு வரி போட்டிருக்காங்கடா. மூளையோட கன அளவு வருஷத்துக்கு 0.6 பர்சென்ட் குறையுதாம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் சொன்னது புரிஞ்சுது. உன்கிட்ட கேக்கறது வேற. நீதானே கேமரா வச்சு காஸ்டிங் அளக்கற வேலை பார்க்கறே? இந்த 0.6-க்கு லீஸ்ட் கவுண்ட் என்னடா?"

நோயாளி கேட்கிற கேள்வியாக அது இல்லை. மெட்ராலஜி லேபில் எங்கள் பேராசிரியர் தினமும் கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததுதான் கீழே வருவது.

பாரிஸ், 1868

பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனை, பெயரிலேயே வெடியுப்பு இருக்கிற பழைய வெடிமருந்துக் கிடங்கு. அங்கே ஜான் மார்ட்டின் ஷார்க்கோ என்ற மருத்துவர் 1868-ல் இந்த நோய்க்கு ஒரு தனி அடையாளம் கொடுத்தார். அவருக்கு முன்பே பிரான்சில் க்ரூவெயே, பிரிட்டனில் கார்ஸ்வெல் இருவரும் 1830-களில் இறந்தவர்களின் தண்டுவடத்தில் இருந்த திட்டுத்திட்டான தழும்புகளைப் படமாக வரைந்திருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது தெரியும் நடுக்கம், பேச்சுக் குழறல், கண் அசைவுக் கோளாறு இவற்றையும் இறந்த பின் தெரியும் தழும்புகளையும் ஒரே நோயாகச் சேர்த்துக் காட்டியவர் ஷார்க்கோ.

மைக்ராஸ்கோப்பில் அவர் இன்னொன்றையும் கவனித்தார். நரம்பிழையை ஆக்ஸான் என்பார்கள். அதன் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும். எலெக்ட்ரிக்கல்காரர்களுக்கு இன்சுலேஷன் என்றால் புரியும், ஆனால் இது வெறும் இன்சுலேஷன் இல்லை. சிக்னல் இடைவெளிக்கு இடைவெளி தாவி வேகமாகப் போவதற்கும் அதுதான் காரணம். தழும்பு இருந்த இடங்களில் இந்த உறை உரிந்திருந்தது, உள்ளே இருந்த இழை பெரும்பாலும் பிழைத்திருந்தது.

ஷார்க்கோ பார்த்தது சரி. ஆனால் அந்த 'பெரும்பாலும்' என்ற வார்த்தை பாடப்புத்தகங்களில் மெதுவாகத் தேய்ந்துபோயிற்று. எம்.எஸ். என்றால் உறை போகிற நோய், இழைக்கு ஒன்றும் ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். நீண்ட காலம் நோயில் இருந்து இறந்தவர்களின் மூளை சுருங்கி, நடுவே இருக்கும் நீர் அறைகள் விரிந்திருந்ததை நோயியலாளர்கள் பார்க்காமல் இல்லை. அது கடைசிக் கட்ட விஷயம் என்று ஒதுக்கினார்கள். உயிரோடு இருப்பவரின் மண்டையோட்டுக்குள் எப்படி அளப்பது?

ஒரு பழைய லேத் பெட்

1919-ல் பால்டிமோரில் வால்டர் டாண்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதுகில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துவிட்டு, காற்றை ஏற்றி, எக்ஸ்ரே எடுப்பது. காற்று புகுந்த நீர் அறைகள் படத்தில் தெரியும். நோயாளிக்குக் கடுமையான தலைவலியும் வாந்தியும் வரும். சுருக்கத்தை அளக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வருஷா வருஷம் இதை யாருக்கும் செய்ய முடியாது.

அரை நூற்றாண்டு கழித்து வழி திறந்தவர் ஒரு இன்ஜினீயர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். பண்ணை வீட்டுப் பையன், யுத்த காலத்தில் விமானப் படையில் ரேடார் வேலை. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, டிப்ளமோதான். (லேட்டரல் என்ட்ரியில் வந்த தம்பி தங்கைகள் இதை ஹாஸ்டல் அறையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.) வேலை பார்த்த இடம் இ.எம்.ஐ., பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை விற்ற அதே கம்பெனி. தலையைப் பல கோணங்களில் கதிர் ஊடுருவ விட்டு, வெளியே வரும் அளவுகளை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை.

முதல் சோதனைக் கருவியை ஒரு பழைய லேத் பெட்டின் மேல் கட்டினார். ஒரு படத்துக்கு வேண்டிய 28,000 அளவுகளைச் சேகரிக்க 9 நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் கணக்குப் போட இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. படத்தில் மொத்தம் 80-க்கு 80 புள்ளிகள். இன்றைக்கு நம் போனில் வரும் ஒரு சின்ன ஐகானில் அதைவிட அதிகப் புள்ளிகள் இருக்கும். 1979-ல் ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து அவருக்கு மருத்துவ நோபல்.

எழுபதுகளின் நடுவிலேயே எம்.எஸ். நோயாளிகளின் சி.டி. படங்களில் நீர் அறைகள் விரிந்திருப்பது தெரிந்தது. சுருக்கம் உயிரோடிருப்பவர்களிடமும் உண்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வருஷத்துக்கு அரை சதவீத மாற்றத்தை அளக்கிற நுட்பம் அதில் இல்லை.

வெள்ளைப் புள்ளிகளின் காலம்

பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. 1981-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு 10 எம்.எஸ். நோயாளிகளை இரண்டு முறையிலும் படம் எடுத்தது. சி.டி.யில் தெரிந்த தழும்புகள் 19. எம்.ஆர்.ஐ. அவற்றோடு இன்னும் 112-ஐக் காட்டியது. மருத்துவ உலகம் அசந்துபோனது. அதிலிருந்து பத்து பதினைந்து வருஷம் எல்லோரும் புள்ளிகளை எண்ணினார்கள். 1993-ல் எம்.எஸ்.ஸுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, புள்ளிகள் குறைந்ததும் ஒரு முக்கியமான சாட்சி.

இதில் ஒரு சிக்கல். படம் முழுக்கப் புள்ளிகளோடு ஒருவர் ஆபீஸ் போய் வருவார். நாலைந்து புள்ளிகளோடு இன்னொருவர் வீல்சேரில் இருப்பார். புள்ளிக் கணக்கும் நடைக் கணக்கும் பொருந்தவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரெடரிக் பார்க்காஃப் போன்றவர்கள் இதை ஒரு முரண்பாடு என்றே எழுதினார்கள். புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பது ஒரு காரணம். எண்ணாமல் விட்டது ஏதோ இருந்தது என்பது இன்னொரு காரணம்.

1996-ல் லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் குழு, 29 நோயாளிகளை 18 மாதம் தொடர்ந்து படமெடுத்து, மூளையின் நடுப்பகுதியில் நான்கே நான்கு துண்டுப் படங்களில் கன அளவை அளந்து வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அளவுப் பிழையைத் தாண்டிய சுருக்கம் தெரிந்தது. சுருக்கம் தெரிந்தவர்களில்தான் உடல்நிலை சரிந்தவர்களும் அதிகம் இருந்தார்கள்.

காரணம் 1998-ல் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் புரூஸ் டிராப் குழுவினர், இறந்த 11 நோயாளிகளின் மூளைத் தழும்புகளில் அறுந்துபோன ஆக்ஸான்களை எண்ணினார்கள். தீவிரமாக இருந்த தழும்பில், பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தில் 11,000-க்கும் மேல் அறுந்த இழைகள். ஆரோக்கியமான மூளையில் அதே இடத்தில் ஒன்றுகூடக் கிடைப்பது அபூர்வம். அந்த 11 பேரில் நோய் வந்து இரண்டே வாரம் ஆனவரும் உண்டு, 27 வருஷம் ஆனவரும் உண்டு. ஆக, இழை அறுவது கடைசிக் கட்ட விஷயம் இல்லை. முதல் நாளிலிருந்தே நடக்கலாம். அதற்கு முந்தைய வருஷம் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் இதே திசையில் ஒரு ஆய்வு வந்திருந்தது. இழை போனால் அது இருந்த இடம் காலியாகும். மூளை சுருங்குவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று அது. 130 வருஷம் கழித்து, ஷார்க்கோவின் அந்த 'பெரும்பாலும்' திரும்பி வந்தது.

லீஸ்ட் கவுண்ட் என்ன?

இனி நண்பனின் கேள்வி. முதலில் ஒரு சின்னக் கணக்கு.

மூளையை 1,200 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை சதவீதம் என்றால் 6 மில்லி. டீஸ்பூனில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். மூளையின் மேற்பரப்பு மடிப்புகளை விரித்தால் சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர் வரும். அந்த 6 மில்லியை அதன் மேல் பரப்பினால் தடிமன் 0.03 மில்லிமீட்டர்! தலைமுடியின் தடிமன்கூட இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு கனப்புள்ளியோ பக்கத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர். அதாவது ஸ்கேலின் மிகச் சிறிய கோட்டில் முப்பதில் ஒரு பங்கை அளக்க வேண்டும்.

அதுமட்டுமா? ஸ்கேனரின் காந்தப்புலம் கொஞ்சம் நகர்ந்து, நீளத்தில் 0.2 சதவீதம் பிழை வந்தால், கன அளவில் அது மூன்று மடங்காகி 0.6 சதவீதம் ஆகிவிடும். நண்பனின் ரிப்போர்ட்டில் இருந்த எண்ணும் அதுவே! நோய் ஒன்றுமே செய்யாமல், மெஷின் மட்டும் கொஞ்சம் நகர்ந்தாலே அந்த எண் வந்துவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. இரண்டுமே நமக்குப் பழக்கமான வழிதான். ஒன்று, விகிதம். 1999-ல் கிளீவ்லண்ட் கிளினிக்கின் ரிச்சர்ட் ரூடிக், எலிசபெத் ஃபிஷர் குழுவினர், மூளைத் திசுவின் கன அளவை, மூளையின் வெளி எல்லைக்குள் அடங்கும் மொத்தக் கன அளவால் வகுத்தார்கள். மெஷின் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் மேலேயும் கீழேயும் ஒரே மடங்கு மாறும், விகிதம் மாறாது. உள்ளே நீர் அறைகள் விரிந்தால் மட்டும் விகிதம் குறையும். ஃபிஷர் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்காரர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இரண்டாவது, டேட்டம். ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டீபன் ஸ்மித் குழு 2001, 2002-ல் வெளியிட்ட சியெனா என்ற முறையில் மண்டையோட்டையே அளவுகோலாக வைத்தார்கள். பெரியவர்களுக்கு மண்டையோடு வருஷத்துக்கு வருஷம் மாறுவதில்லை. இரண்டு படங்களையும் மண்டையோடு பொருந்தும்படி வைத்துவிட்டு, மூளையின் விளிம்பு ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு புள்ளியில் அளவு தாறுமாறாக இருக்கும். ஏராளமான விளிம்புப் புள்ளிகளின் சராசரியை எடுக்கும்போது பிழை அடங்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு கனப்புள்ளியில் முப்பதில் ஒரு பங்கும் தெரிகிறது. நான் தினமும் வார்ப்புகளின் விளிம்பைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவதும் ஏறக்குறைய இதே யோசனைதான். மூளைக்கும் பம்ப் ஹவுசிங்குக்கும் ஒரே கணக்கு!

இந்த முறையின் பிழை சுமார் 0.2 சதவீதம். "இதுதாண்டா லீஸ்ட் கவுண்ட்" என்று நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

தண்ணீர் குடித்தாயா?

மூளையில் பெரும்பங்கு தண்ணீர். 2005-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், ஆரோக்கியமானவர்களை 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொல்லி அளந்தார்கள். மூளை 0.55 சதவீதம் குறைந்தது! தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்தது. எம்.எஸ்.ஸில் ஒரு வருஷத்தில் நடப்பது, தாகத்தில் ஒரு நாளுக்குள் நடந்துவிட்டது. காலையில் எடுத்த படத்தைவிட மாலையில் எடுத்த படத்தில் மூளை ஒரு துளி சிறிதாகத் தெரியும் என்பதும் பிற்பாடு உறுதியானது.

மருந்தும் குழப்பும். வீக்கம் இருக்கிற இடத்தில் நீர் கோத்திருக்கும். ஸ்டீராய்டோ வீரியமான மருந்தோ கொடுத்தால் வீக்கம் வடிந்து கன அளவு குறையும். நடாலிசுமாப் என்ற மருந்தின் இரண்டு வருஷ ஆய்வில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. முதல் வருஷம் மருந்து எடுத்தவர்களிடம் குறைவு 0.56 சதவீதம், எடுக்காதவர்களிடம் 0.40. மருந்து கெடுதலோ என்று பயந்திருப்பார்கள். இரண்டாம் வருஷம் தலைகீழ்: மருந்து எடுத்தவர்களிடம் 0.24, எடுக்காதவர்களிடம் 0.43. முதல் வருஷம் போனது பெரும்பாலும் வீக்கத்தின் நீர். இதற்குப் 'போலிச் சுருக்கம்' என்றே பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நண்பனிடம் பழைய ஃபைல்களை எடுக்கச் சொன்னேன். முதல் ஸ்கேன் ஒரு ஊரில், 1.5 டெஸ்லா மெஷின். இரண்டாவது வேறு சென்டரில், 3 டெஸ்லா மெஷின். அதற்குச் சில வாரம் முன்பு ஸ்டீராய்டு போட்டிருக்கிறார்கள். அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் காத்திருந்து, சாயங்காலம்தான் உள்ளே போயிருக்கிறான். வெர்னியரில் ஒரு அளவு, ஸ்கேலில் ஒரு அளவு எடுத்துக் கழித்துப் பார்த்த மாதிரி. லேபில் இப்படிச் செய்திருந்தால் அப்சர்வேஷன் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

அதற்காக அந்த எண்ணைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கும் மூளை வருஷத்துக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் வரை குறைகிறது, உங்களுக்கும் எனக்கும்தான். சிகிச்சை இல்லாத எம்.எஸ்.ஸில் 0.5-லிருந்து ஒன்றுக்கு மேல் வரை போகும். நூற்றுக்கணக்கான பேரின் சராசரியில் இந்த வித்தியாசம் உறுதியானது. தனி ஒருவரிடம்தான் சிக்கல். 2016-ல் இத்தாலியின் டி ஸ்டெஃபானோ குழுவினர் எல்லைக்கோடு போட்டுப் பார்த்தார்கள். 0.4 சதவீதத்தைக் கோடாக வைத்தால் ஆரோக்கியமானவர்களில் ஐந்தில் ஒருவர் கோட்டைத் தாண்டிவிடுவார். 0.52-ஐ வைத்தால் இருபதில் ஒருவர் தாண்டுவார். ஒரே ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் தலைவிதியைப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த அளவு எதற்குத்தான் உதவியது என்றால், மருந்துகளை எடைபோட உதவியது. 2010-ல் வெளியான ஃபிங்கோலிமோட் ஆய்வில், இரண்டு வருஷத்தில் மருந்து எடுக்காதவர்களிடம் 1.31 சதவீதக் குறைவு, எடுத்தவர்களிடம் 0.84. ஆரம்பத்திலிருந்தே மெதுவாக ஏறிக்கொண்டே போகும் வகை எம்.எஸ்.ஸுக்கு ஒக்ரெலிசுமாப் ஆய்வு 2017-ல் வந்தது. அதில் 1.09-க்கு எதிராக 0.90. சின்ன வித்தியாசம்தான், ஆனால் அந்த வகைக்கு 2017-ல்தான் முதன்முதலாக ஒரு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்னொன்று, 2008-ல் ஃபிஷர் குழு காட்டியது: நோய் முற்ற முற்ற வேகமாகக் குறைவது வெள்ளைப் பகுதியைவிடச் சாம்பல் பகுதிதான். இத்தனை வருஷம் புள்ளிகளை எண்ணியது முக்கியமாக வெள்ளைப் பகுதியில்!

கடைசியாக ஒரு விண்ணப்பம்

இதையெல்லாம் நான் படித்தது அறிவுப் பசியால் மட்டும் இல்லை. நண்பன் மெடிக்கல் கிளைம் போட்டபோது அந்த ரிப்போர்ட் அவன் ஆபீசில் நாலு கை மாறியிருக்கிறது. "மூளை சுருங்குதாம்" என்று பேச்சு. டிசைன் டீமிலிருந்து அவனை டாக்குமெண்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் போட்ட டிராயிங்கில் தப்பு வந்ததா? இல்லை. அந்த ஒரு வரியை யாரோ படித்ததுதான் காரணம்.

நான் எழுதிய நாலு பக்கக் குறிப்பையும் அவனுடைய டாக்டரின் கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தான். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயரோடு இருக்கிறது என்பதையும் மரியாதையாக எடுத்துச் சொன்னான். இப்போது பாதி நாள் டிசைன், பாதி நாள் டாக்குமெண்டேஷன். முழுசாகக் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஒரு வருஷம் கழித்து அதே 3 டெஸ்லா மெஷினில், காலையில், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தான். 0.3 சதவீதம். பிழை கூட்டியோ கழித்தோ 0.2. "நல்ல செய்தியா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறான். "கெட்ட செய்தி இல்லை. மருந்தை விடாதீங்க, அடுத்த வருஷமும் இதே மெஷின்ல எடுங்க" என்றாராம். எனக்கு அது நேர்மையான பதிலாகப் பட்டது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: மெட்ராலஜி லேபை ஒப்பேற்றாதீர்கள். ஜீரோ எரர் பார்த்தீர்களா, எத்தனை தடவை அளந்தீர்கள் என்று சார் கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். எங்களுக்கும் இருந்தது. அதே கேள்விதான் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு எங்களுக்கு உபயோகப்பட்டது.

விழாக் குழுவுக்கு: நண்பன் இந்த முறை வருகிறான், கையில் ஸ்டிக்கோடு. பேட்ச் கூட்டத்தை வழக்கம்போல இரண்டாம் மாடி செமினார் ஹாலில் போட்டிருக்கிறீர்கள். அங்கே லிஃப்ட் கிடையாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து கீழே டிராயிங் ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். நாற்காலி போடும் வேலையை எங்கள் பேட்ச் பார்த்துக்கொள்ளும்.